யூஸ்நெட்டில் மட்டுறுத்தலும் செய்தி நீக்கமும்

யூஸ்நெட்டில் மட்டுறுத்தலும் செய்தி நீக்கமும் என்பது, உலகளாவிய உரையாடல் வலையமைப்பான யூஸ்நெட்டில் எச்செய்தி வெளியாகலாம் என முன்கூட்டியே தீர்மானிப்பதற்கும், வெளியான செய்தியைப் பின்னர் விலக்குவதற்கும் உருவான தொழில்நுட்ப முறைகளையும், அவற்றைச் சார்ந்து வளர்ந்த வழக்கங்களையும் குறிக்கும். யூஸ்நெட்டுக்கு உரிமையாளரோ, தலைமை அலுவலகமோ, மைய வழங்கியோ கிடையாது. எனவே ஒருவர் எழுதியதை அழிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினா அங்கு 1980களிலிருந்தே விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. பிற்கால வலைத்தள மன்றங்கள் எதிர்கொண்ட சிக்கல்களுள் பல இவ்வலையமைப்பிலேயே முதலில் தோன்றின.

பின்னணி

யூஸ்நெட் 1979ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோரால் திட்டமிடப்பட்டு, 1980இல் செயற்பாட்டுக்கு வந்தது. தொடக்கத்தில் தொலைபேசி இணைப்பு வழியாக ஒரு யூனிக்சு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்திகள் நகலெடுக்கப்பட்டன. 1986இல் வெளியான என்.என்.டி.பி. நெறிமுறை, இணையத்தின் வழியே இப்பரிமாற்றத்தை எளிதாக்கியது.

ஒரு பயனர் தம் செய்தியை அருகிலுள்ள வழங்கியில் இடுகிறார். அவ்வழங்கி அதனைத் தன் அண்டை வழங்கிகளுக்கு அனுப்புகிறது. அவை தத்தம் அண்டை வழங்கிகளுக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு செய்திக்கும் வேறெதற்கும் இல்லாத தனிச் செய்தி அடையாளம் உண்டு. ஏற்கனவே பெற்ற செய்தியை ஒரு வழங்கி இரண்டாம் முறை ஏற்காமல் இருக்க இவ்வடையாளம் உதவுகிறது. இவ்வாறு ஒரு செய்தி சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளில் தனித்தனி நகல்களாக அமைந்துவிடும். அந்நகல்கள் அனைத்தையும் ஒரே கட்டளையால் அழிக்கவல்ல நிருவாகி எவரும் இல்லை. ஒவ்வொரு நிருவாகிக்கும் அவரது வழங்கியின் மீது மட்டுமே அதிகாரம் உண்டு.

செய்திகள் பொருள்வாரியாகச் செய்திக்குழுக்களில் இடப்பட்டன. தமிழர் சார்ந்த உரையாடல்களுக்காக சாக்.கல்ச்சர்.தமிழ் என்ற குழுவும் இயங்கியது.

முன் மட்டுறுத்தல்

பெரும்பாலான செய்திக்குழுக்களில் எவரும் நேரடியாக எழுதலாம். ஒரு பகுதிக் குழுக்கள் மட்டும் மட்டுறுத்தப்பட்டவை. தொடக்கத்தில் இவை தனிப் படிநிலை ஒன்றின்கீழ் இருந்தன. 1986-87 காலப்பகுதியில் நடைபெற்ற பெரும் பெயர் மாற்றத்தின்போது ஏனைய குழுக்களுடன் ஒரே படிநிலைகளில் இணைக்கப்பட்டன.

செயற்படும் விதம்

மட்டுறுத்தப்பட்ட குழுவிற்கு எழுதப்படும் செய்தி உடனடியாக வெளியாவதில்லை. பயனரின் வழங்கி அதனை மின்னஞ்சலாக மாற்றி மட்டுறுத்துநருக்கு அனுப்பிவைக்கும். மட்டுறுத்துநர் படித்து ஏற்றுக்கொண்டால், அச்செய்தியின் தலைப்பில் ஒப்புதல் புலத்தைச் சேர்த்துத் தாமே வெளியிடுவார். ஒப்புதல் புலம் இல்லாத செய்தியை வழங்கிகள் அக்குழுவில் ஏற்பதில்லை.

இம்முறையின் முதன்மையான குறைபாடு, ஒப்புதல் புலம் வெறும் எழுத்து வரியாக இருப்பதே. அதனை யார் சேர்த்தார் எனச் செந்தர முறையில் சரிபார்க்க வழியில்லை. ஒருவர் தாமே அவ்வரியைச் சேர்த்து மட்டுறுத்துநரைக் கடந்துவிட இயலும். இதற்குத் தீர்வாகப் பி.ஜி.பி. மூஸ் என்ற நிரல் உருவாக்கப்பட்டது. மட்டுறுத்துநர் ஒவ்வொரு செய்தியிலும் எண்ணிமக் கையொப்பம் இடுவார். கையொப்பம் இல்லாமல் அக்குழுவில் தோன்றும் செய்திகளை அந்நிரல் கண்டறிந்து நீக்கக் கோரும்.

மட்டுறுத்துநரின் பொறுப்பு

முன் மட்டுறுத்தல் குழுவின் தரத்தை உயர்த்தியது. கணினி அமைப்புகளின் இடர்களைப் பற்றி பீட்டர் நியூமன் 1985 முதல் தொகுத்துவந்த காம்ப்.ரிஸ்க்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். ஆனால், வெளியாகும் ஒவ்வொரு வரிக்கும் மட்டுறுத்துநர் பொறுப்பாளராகக் கருதப்படும் நிலையும் இதனால் ஏற்பட்டது. பிராட் டெம்பிள்டன் 1987இல் தொடங்கிய ரெக்.ஹியூமர்.ஃபன்னி என்ற நகைச்சுவைக் குழுவில் வெளியான ஒரு துணுக்கு இனவாதம் கொண்டது என 1988 இறுதியில் முறையீடு எழுந்தது. இதனைத் தொடர்ந்து 1989இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அக்குழுவைத் தன் கணினிகளில் தடை செய்தது. நூலகத்திலிருந்து ஒரு நூலை அகற்றுவதற்கு இது ஒப்பானது என அங்குள்ள பேராசிரியர்கள் எதிர்த்ததை அடுத்துத் தடை விலக்கப்பட்டது.

நீக்கச் செய்தி

வெளியான செய்தியை விலக்குவதற்கு யூஸ்நெட் வகுத்த வழி நீக்கச் செய்தி ஆகும். இதுவும் ஒரு சாதாரணச் செய்தியே. ஆனால் அதன் தலைப்பிலுள்ள கட்டுப்பாட்டுப் புலத்தில் நீக்கக் கட்டளையும், விலக்கப்பட வேண்டிய செய்தியின் அடையாளமும் இருக்கும். ஏனைய செய்திகளைப் போன்றே இது வழங்கிக்கு வழங்கி பரவும். பெற்றுக்கொள்ளும் ஒவ்வொரு வழங்கியும் தன்னிடமுள்ள நகலை அழிக்கும். மூலச் செய்திக்கு முன்பாகவே நீக்கச் செய்தி வந்துசேர்ந்தால், வழங்கி அவ்வடையாளத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, பின்னர் வரும் மூலச் செய்தியை மறுத்துவிடும்.

1987இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1036 ஆவணத்தின்படி, மூலச் செய்தியை எழுதியவரோ அவரது கணினியின் நிருவாகியோ மட்டுமே நீக்கச் செய்தி அனுப்பலாம். இரு செய்திகளிலும் உள்ள அனுப்புநர் முகவரி ஒன்றாக இருக்கின்றதா என்பதே சோதனை. அனுப்புநர் முகவரியை எவரும் விரும்பியவாறு நிரப்பலாம் என்பதால், இச்சோதனை நேர்மையானவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது.

அனுப்புபவரைப் பொறுத்து நீக்கச் செய்திகள் மூவகைப்படும்:

* முதலாம் தரப்பு நீக்கம்: எழுதியவரே தம் செய்தியை விலக்குவது. எழுத்துப்பிழை, மனமாற்றம், தவறான குழுவில் இட்டமை முதலியன காரணங்களாகும்.
* இரண்டாம் தரப்பு நீக்கம்: எழுதியவரின் சேவை வழங்குநர் விலக்குவது.
* மூன்றாம் தரப்பு நீக்கம்: தொடர்பற்ற பிறர் விலக்குவது. பெரும்பாலான சர்ச்சைகள் இவ்வகையைப் பற்றியனவாகும்.

மூன்றாம் தரப்பு நீக்கம்

தானியங்கி மட்டுறுத்தலின் முதல் தோல்வி

1993 தொடக்கத்தில், பின்லாந்திலிருந்து இயங்கிய ஒரு சேவை வழியாகப் பெயர் மறைத்து எழுதுவோர் பெருகினர். இச்செய்திகளைத் தேடி நீக்குவதற்காக ஏ.ஆர்.எம்.எம். என்ற தானியங்கி நிரல் எழுதப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில் இந்நிரல் இயக்கப்பட்டபோது, அதிலிருந்த வழுவினால், தான் வெளியிட்ட அறிவிப்பையே புதிய இலக்காகக் கொண்டு மீண்டும் மீண்டும் செய்திகளை வெளியிட்டது. நியூஸ்.அட்மின்.பாலிசி என்ற குழுவில் ஏறத்தாழ 200 செய்திகள் குவிந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிட நீண்ட தலைப்பைக் கொண்டிருந்தது. மட்டுறுத்தும் நிரல் தன் வெளியீட்டைத் தானே உள்ளீடாகக் கொள்ளாதவாறு அமைய வேண்டும் என்பதற்கு இது நெடுங்காலம் எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டது.

பச்சை அட்டை விளம்பரம்

1994 ஏப்ரல் 12 அன்று, அமெரிக்கக் குடிவரவு அனுமதிக் குலுக்கலுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் விளம்பரம் ஒன்றை, அரிசோனா மாநில வழக்கறிஞர் இருவர் 5,000க்கும் மேற்பட்ட செய்திக்குழுக்களில் வெளியிட்டனர். ஒரே செய்தியைப் பல குழுக்களுக்குப் பொதுவாக இட்டால், படிப்பவர் அதனை ஒருமுறை மட்டுமே காண்பார். இவ்விளம்பரமோ ஒவ்வொரு குழுவிலும் தனிச் செய்தியாக இடப்பட்டதால், படிப்பவர் நுழைந்த குழுக்களில் எல்லாம் அது மீண்டும் தோன்றியது. ஒவ்வொரு நகலும் ஒவ்வொரு வழங்கியிலும் தனியே இடத்தை நிரப்பியது. நார்வே நாட்டு நிரலாளர் ஆர்ன்ட் குல்பிரான்சன் அதனை நீக்கும் தானியங்கி நிரலை எழுதினார். மூன்றாம் தரப்பு நீக்கத்தை அதுவரை எதிர்த்த பலரும் இந்நிகழ்வுக்குப் பின்னர் எரித நீக்கத்தை ஏற்றுக்கொண்டனர்.

பிரைடுபார்ட் குறியீட்டெண்

எரிதம் எது என்பதை உள்ளடக்கத்தைக் கொண்டு முடிவு செய்தால் அது தணிக்கையாகிவிடும் என நிருவாகிகள் அஞ்சினர். எனவே எண்ணிக்கையை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் முறை உருவானது. சேத் பிரைடுபார்ட் முன்மொழிந்த இக்குறியீட்டெண், செய்தியின் ஒவ்வொரு நகலும் எத்தனைக் குழுக்களில் இடப்பட்டதோ அவ்வெண்ணின் வர்க்கமூலங்களைக் கூட்டிப் பெறப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒரே நகல் 9 குழுக்களுக்குப் பொதுவாக இடப்பட்டால் குறியீட்டெண் √9, அதாவது 3 ஆகும். அதே செய்தி 9 குழுக்களில் தனித்தனியாக இடப்பட்டால் குறியீட்டெண் 9 ஆகும். 45 நாட்களுக்குள் இந்த எண் 20ஐ எட்டிய செய்தி நீக்கத்திற்கு உரியது என்ற வழக்கம் நிலைபெற்றது. செய்தி வணிக விளம்பரமா, சமயப் பரப்புரையா, அரசியல் அறிக்கையா என்பது கருதப்படவில்லை.

நீக்குநர்களின் வழக்கங்கள்

கேன்சல்மூஸ் என்ற புனைபெயரில் இயங்கியவரும் பிற தன்னார்வலர்களும் தம் செயல் பிறரால் சரிபார்க்கப்பட இடமளித்தனர். அவர்கள் பின்பற்றிய வழக்கங்களுள் முதன்மையானவை:

* எவற்றை, ஏன் நீக்கினோம் என்பதை மூலச் செய்தியின் நகலுடன் பொதுக் குழுவில் அறிவித்தல்.
* நீக்கச் செய்தியின் அடையாளத்தை, மூலச் செய்தியின் அடையாளத்திற்கு முன் "கேன்சல்." என்ற சொல்லைச் சேர்த்து அமைத்தல். இதனால் ஒரே எரிதத்தை இருவர் நீக்க முயன்றாலும் இரு நீக்கச் செய்திகளுக்கும் ஒரே அடையாளம் அமையும். வழங்கிகள் அவற்றுள் ஒன்றை மட்டுமே பரப்பும்.
* நீக்கச் செய்தி கடந்துவந்த வழியைக் காட்டும் புலத்தில் "சைபர்ஸ்பாம்" என்ற கற்பனை வழங்கிப் பெயரைச் சேர்த்தல். ஒரு செய்தி ஏற்கனவே கடந்துவந்த வழங்கிக்கு அது மீண்டும் அனுப்பப்படுவதில்லை. ஆகவே மூன்றாம் தரப்பு நீக்கத்தை விரும்பாத நிருவாகி, இக்கற்பனைப் பெயரைத் தம் வழங்கியின் மாற்றுப்பெயராக அறிவித்துவிட்டால், அத்தகைய நீக்கச் செய்திகள் அவரை அடையா.

கடைசியாகக் குறிப்பிட்ட வழக்கம் விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழில்நுட்பத்திலேயே உறுதி செய்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தவறான பயன்பாடு

எரிதத்தை நீக்கிய அதே கருவி, கருத்துகளை ஒடுக்கவும் பயன்பட்டது. சயின்டாலஜி அமைப்பை விமர்சித்து எழுதுவோர் கூடிய ஆல்ட்.ரிலிஜன்.சயின்டாலஜி குழுவில், 1994 இறுதி முதல் பல செய்திகள் போலி நீக்கச் செய்திகளால் மறைந்தன. காப்புரிமை மீறல் என்பதே அவற்றில் குறிக்கப்பட்ட காரணம். 1995 ஜனவரியில் அவ்வமைப்பின் வழக்கறிஞர் ஒருவர், அக்குழுவையே அகற்றுமாறு கட்டுப்பாட்டுச் செய்தி அனுப்பினார். பெரும்பாலான நிருவாகிகள் அதனைப் புறக்கணித்தனர். அக்குழுவின் வாசகர் எண்ணிக்கை அதன்பின் பெருகியது.

மறைந்த செய்திகளைக் கண்டறிவதற்காக லாசரசு என்ற நிரல் எழுதப்பட்டது. நீக்கச் செய்திகளைக் கண்காணித்து, இன்னார் எழுதிய இச்செய்தி நீக்கப்பட்டது என்ற அறிவிப்பை அக்குழுவில் இடுவது இதன் பணி. அறிவிப்பைக் கண்ட எழுத்தாளர், நீக்கம் தம்முடையதன்று எனில் மீண்டும் வெளியிடலாம்.

1996 செப்டம்பரில் பெரும் தாக்குதல் ஒன்று நிகழ்ந்தது. யூதர், முசுலிம்கள், பெண்ணியவாதிகள், தற்பாலீர்ப்பினர் உள்ளிட்டோரின் குழுக்களிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட செய்திகள், இழிசொற்கள் அடங்கிய போலி நீக்கச் செய்திகளால் அழிக்கப்பட்டன. தன்னார்வலர்கள் அவற்றை மீட்டு மறுபடியும் வெளியிட்டனர். எனினும் இதன் பின்னர் பல வழங்கிகள் நீக்கச் செய்திகளை முற்றாக ஏற்க மறுக்கத் தொடங்கின. இதனால் எழுதியவரே தம் செய்தியை விலக்க விரும்பினாலும் அது இயலாத நிலை ஏற்பட்டது.

யூஸ்நெட் மரண தண்டனை

எரிதம் அனுப்புவோரைக் கட்டுப்படுத்தாத சேவை வழங்குநருக்கு எதிராக, அதன் பயனர்கள் அனைவரின் செய்திகளையும் நீக்குவது அல்லது ஏற்க மறுப்பது இவ்வாறு அழைக்கப்பட்டது. 1997 ஆகத்தில் யூ.யூ.நெட் நிறுவனத்தின் மீதும், அதே ஆண்டு நவம்பரில் கம்ப்யூசர்வ் மீதும் இது நடைமுறைப்படுத்தப்பட்டது. அந்நிறுவனங்கள் எரிதத்தைக் கட்டுப்படுத்த நடவடிக்கை எடுத்ததும் சில நாட்களிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. பயன் அளித்தாலும், குற்றமற்ற பயனர்களின் செய்திகளும் சேர்ந்தே மறைந்தமை கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

மாற்றுத் தீர்வுகள்

நோசீயெம்

கேன்சல்மூஸ் உருவாக்கிய நோசீயெம் முறையில், நீக்குநர் எச்செய்தியையும் அழிப்பதில்லை. பார்க்கத் தகாதவை எனத் தாம் கருதும் செய்திகளின் பட்டியலை எண்ணிமக் கையொப்பத்துடன் வெளியிடுகிறார். எவருடைய பட்டியலை நம்புவது என்பதை ஒவ்வொரு நிருவாகியும், விரும்பினால் ஒவ்வொரு வாசகரும், தாமே தெரிவு செய்யலாம். நீக்கம் என்பது கட்டளை என்ற நிலையிலிருந்து பரிந்துரை என்ற நிலைக்கு இதனால் மாறியது.

நீக்கப் பூட்டு

எழுதியவர் மட்டுமே நீக்க இயலும் என்பதை உறுதி செய்யும் நீக்கப் பூட்டு, 2018 பெப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 8315 ஆகச் செந்தரப்படுத்தப்பட்டது. இதன் செயற்பாடு பின்வருமாறு:

1. எழுதுபவரின் மென்பொருள் ஓர் இரகசியச் சாவியை உருவாக்குகிறது.
2. அச்சாவியை ஒருவழி ஹேஷ் சார்பின் ஊடாகச் செலுத்திப் பெறும் மதிப்பு, செய்தியின் தலைப்பில் பூட்டாக வெளியிடப்படுகிறது. இம்மதிப்பிலிருந்து சாவியைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் இயலாது.
3. நீக்க விரும்பும்போது, நீக்கச் செய்தியில் சாவி வெளியிடப்படுகிறது.
4. பெறும் வழங்கி அச்சாவியை அதே சார்பின் ஊடாகச் செலுத்தி, கிடைக்கும் மதிப்பு பூட்டுடன் பொருந்தினால் மட்டுமே நீக்கத்தை நிறைவேற்றுகிறது.

ஒரு செய்தியில் ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள் இருக்கலாம். ஆகவே எழுதியவரின் சேவை வழங்குநரும் தம் பூட்டைச் சேர்த்து, தேவை நேர்ந்தால் நீக்க இயலும். 2022இல் வெளியான ஐ.என்.என். 2.7 வழங்கி மென்பொருளில் இவ்வசதி சேர்க்கப்பட்டது.

காப்பகங்களும் நீக்கப்பட்ட செய்திகளும்

தொடக்க காலத்தில் வட்டுகளில் இடம் குறைவு என்பதால், வழங்கிகள் சில நாட்கள் அல்லது வாரங்களில் பழைய செய்திகளை அழித்துவிட்டன. எழுதியது தானாகவே மறைந்துவிடும் என்பது அன்றைய பயனர்களின் எதிர்பார்ப்பாக இருந்தது. இது பின்னர் பொய்த்துப்போனது.

டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையின் கணினி நிருவாகியான ஹென்றி ஸ்பென்சர், 1981 முதல் 1991 வரையிலான செய்திகளை 141 காப்பு நாடாக்களில் சேமித்திருந்தார். 1995இல் தொடங்கிய டெஜா நியூஸ், செய்திகளைத் தொடர்ந்து சேகரித்துத் தேடும் வசதியை வழங்கியது. 2001இல் அதன் காப்பகத்தை கூகுள் வாங்கியது. அதே ஆண்டு இறுதியில் ஸ்பென்சரின் நாடாக்களிலிருந்த ஏறத்தாழ 20 இலட்சம் செய்திகளும் அத்துடன் இணைக்கப்பட்டன. 1980களில் மாணவராக இருந்தபோது எழுதியதை, இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் எவரும் பெயரைக் கொண்டு தேடிப் படிக்கும் நிலை உருவானது.

காப்பகத்தில் சேர்க்க வேண்டாம் என அறிவிக்கும் தலைப்புப் புலம் ஒன்று வழக்கத்துக்கு வந்தது. டெஜா நியூஸ் இதனை மதித்தது. ஆயினும் இது கட்டாயமன்று. மேலும் ஒருவரது செய்தியை மற்றொருவர் மேற்கோள் காட்டிப் பதிலளித்திருந்தால், மேற்கோள் பகுதி அப்பதிலுடன் காப்பகத்தில் நிலைத்துவிடும். மறுபுறம், செய்தி நீக்கப்பட்ட பின்னர் அதற்கான பதில்கள் மட்டும் எஞ்சுவதால் உரையாடலின் பொருள் சிதைவதும் உண்டு.

2024 பெப்ரவரி 22 அன்று கூகுள் குழுக்கள் சேவை புதிய யூஸ்நெட் செய்திகளை ஏற்பதை நிறுத்தியது. அதற்கு முந்தைய செய்திகள் மட்டும் தேடலுக்காக வைக்கப்பட்டன.

சட்டநிலை

செய்தியை நீக்காமல் விடுவதும் சட்டச் சிக்கலுக்கு உள்ளாகலாம் என்பதை, இங்கிலாந்தின் காட்ஃபிரே எதிர் டீமன் இன்டர்நெட் வழக்கு காட்டியது. 1997 ஜனவரி 13 அன்று சாக்.கல்ச்சர்.தாய் குழுவில், வழக்காடிய இயற்பியலாளரே எழுதியது போன்ற போலிச் செய்தி ஒன்று வெளியானது. அது தமக்கு அவதூறு விளைவிப்பதாகவும், வழங்கியிலிருந்து அகற்றுமாறும் அவர் ஜனவரி 17 அன்று தொலைநகல் அனுப்பினார். டீமன் நிறுவனம் அகற்றவில்லை. செய்தி வழக்கமான காலக்கெடு முடியும்வரை அங்கேயே இருந்தது. அறிந்த பின்னரும் அகற்றாத நிறுவனம், பரப்பியவருக்கான சட்டப் பாதுகாப்பைக் கோர இயலாது என 1999 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2000இல் நிறுவனம் 15,000 பவுண்டுகளும் வழக்குச் செலவும் அளித்துச் சமரசம் செய்துகொண்டது. முறையீடு வந்தவுடன் உண்மையை ஆராயாமலே நீக்கிவிடும் போக்கை இத்தீர்ப்பு ஊக்குவிக்கும் என விமர்சிக்கப்பட்டது.

இதற்கு மாறாக, ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தின் 230ஆம் பிரிவு, பிறர் எழுதியவற்றுக்குச் சேவை வழங்குநரை வெளியீட்டாளராகக் கருதலாகாது எனக் கூறுகிறது. நல்லெண்ணத்துடன் மேற்கொள்ளும் நீக்கத்துக்கும் அது பாதுகாப்பு அளிக்கிறது. ஒரே செய்தி இரு நாட்டு வழங்கிகளிலும் இருப்பதால், ஒரு நாட்டில் நீக்க வேண்டியது மற்றொரு நாட்டில் தொடர்ந்து இருக்கக்கூடும்.

தாக்கம்

பிற்கால வலைத்தள மன்றங்களில் மைய வழங்கியும் உரிமையாளரும் இருப்பதால், நீக்கம் எளிதாயிற்று. தரவுத்தளத்தில் ஒரு குறியை மாற்றினால் போதும். செய்தி பார்வையிலிருந்து மறையும், ஆனால் மட்டுறுத்துநர்களுக்குத் தெரியும். பி.எச்.பி.பி.பி. மன்ற மென்பொருளின் 2014இல் வெளியான 3.1 பதிப்பு இம்முறையைக் கொண்டுள்ளது. ரெடிட் தளம், எழுதியவரே அழித்த கருத்தையும் மட்டுறுத்துநர் அகற்றிய கருத்தையும் வெவ்வேறு சொற்களால் குறிக்கிறது. இது முதலாம் தரப்பு நீக்கத்துக்கும் பிறர் செய்யும் நீக்கத்துக்கும் இடையே யூஸ்நெட் கண்ட வேறுபாட்டை ஒத்ததாகும்.

ஆனால் எளிமையுடன் ஓர் இழப்பும் நேர்ந்தது. யூஸ்நெட்டில் ஒவ்வொரு நீக்கமும் எவரும் காணக்கூடிய ஒரு செய்தி. ஒரு வழங்கி அதனை ஏற்காமலும் இருக்கலாம். மைய வழங்கியில் நிகழும் நீக்கம் அவ்வாறு வெளிப்படுவதில்லை. நீக்கத்துக்குக் காரணம் கூறுதல், எழுதியவருக்கு அறிவித்தல், மேல்முறையீட்டுக்கு வழிவிடுதல் ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு எண்ணிமச் சேவைகள் சட்டம் இணையத் தளங்களுக்குக் கடமைகளாக்கியுள்ளது. இவற்றுள் முதலிரண்டும் எரித நீக்குநர்களின் பொது அறிவிப்புகளிலும் லாசரசு போன்ற நிரல்களிலும் முன்னரே வழக்கத்தில் இருந்தவையாகும்.

இவற்றையும் பார்க்க

* யூஸ்நெட்
* எரிதம்
* மட்டுறுத்தல்
* எண்ணிமக் கையொப்பம்
* ஹேஷ் சார்பு
* கருத்துச் சுதந்திரம்